பாறையை வறுத்து எண்ணெய்

லீவுக்குக் காரைக்குடி வந்தும் லேப்டாப்பை மூட முடியவில்லை. ஆயில் ஷேல், அதாவது சூடாக்கினால் எண்ணெய் தரும் பாறை, அதை வெட்டியெடுக்கும் சுரங்கத் திட்டம் ஒன்றுக்கு வரைவு எழுதுகிறேன். வளவில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, "கல்லுக்குள்ள எண்ணெய் இருக்குமாய்யா?" என்றார்கள். இல்லை, இருப்பது கெரோஜென் என்ற, இன்னும் எண்ணெயாக மாறாத கரிமப் பொருள், காற்றுப்படாமல் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் எண்ணெய் வரும் என்றேன். (துளை போட்டுப் பாறையைப் பிளந்து எடுக்கிற ஷேல் ஆயில் வேறு சமாச்சாரம், ஆபீசிலேயே பாதிப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

வெட்டியெடுப்பதுகூடப் பெரிய தலைவலி இல்லை. வறுத்த பிறகு மிஞ்சும் சக்கை இருக்கிறதே, அது பொரி மாதிரி உப்பிவிடும், தோண்டிய குழியிலேயே திரும்ப அடங்காது, எங்கே கொட்டுவது என்று முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். எஸ்டோனியாவில் நூறு வருடத்துக்கு மேல் தோண்டியதில் சாம்பல் மலைகளே நிற்கின்றன. அப்புறம் விலை, எண்ணெய் விலை இறங்கினால் திட்டமே படுத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் எக்ஸான் எண்ணெய் நிறுவனம் 1982 மே 2 அன்று 'காலனி' என்ற ஆயில் ஷேல் திட்டத்தைக் கைவிட, 2,000 பேருக்கு மேல் வேலை போனது. இந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை திருத்திவிட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பத்தா, "சரி, தண்ணிக்கு என்ன பண்ணுவீக? அங்க ஊரணி இருக்கா?" என்றார்கள்.

தண்ணீர்ப் பக்கம் இன்னும் காலிதான்.