அருட்செல்வரின் அக்டோபர் மேடை

கோவை குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி 1984இல் தொடங்கப்பட்டபின் அங்குப் பயின்ற ஆரம்பகால மாணவர்களுள் நானும் ஒருவன். கல்லூரியை நடத்திய அறக்கட்டளை சிரவை ஆதீனத்து இராமானந்த அடிகளாரின் பெயரைத் தாங்கியது. இஸ்லாமியக் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, சேர்க்கைப் படிவத்தில் அப்பெயரைக் கண்டபோது சிறிது தயக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நிறுவனர் அருட்செல்வர் நா. மகாலிங்கம் அவர்களைப் பற்றி அப்போது நான் அறிந்ததெல்லாம், பொள்ளாச்சியிலிருந்து மூன்று முறை சட்டமன்றத்துக்குச் சென்றவர், சக்தி சர்க்கரை ஆலைக்காரர் என்பவை மட்டுமே. தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஏ.பி.டி. பேருந்துத் தொழிலை வளர்த்த மகன், பொள்ளாச்சிப் பாலிடெக்னிக்கிற்கும் தந்தையின் பெயரையே வைத்தார். பிள்ளைகளையும் மருமகனையும் தொழிலிலும் கல்விப் பணியிலும் உடன் வைத்துக்கொண்டார். தம் பெயரிலும் பின்னாளில் ஒரு பொறியியல் கல்லூரி எழுந்தது உண்மைதான். ஆயினும் தந்தைக்கும் அடிகளாருக்கும் அடுத்துத்தான் அந்தப் பெயர் வந்தது.

படிப்பு முடித்து வேலை தேடிச் சென்னைக்கு வந்த ஆண்டில்தான், அவர் ஆண்டுதோறும் காந்தி பிறந்தநாளையொட்டி நடத்திவந்த வள்ளலார்–காந்தி விழாவுக்குச் சென்றேன். சாதி சமய வேறுபாடுகளை வெளிப்படையாக மறுத்த ஒரு துறவியையும், சர்வ சமயப் பிரார்த்தனையை அன்றாட வழக்கமாக்கிய ஓர் அரசியல் தலைவரையும் ஒரே மேடையில் இணைத்துப் பார்க்க ஒரு தொழிலதிபருக்குத் தோன்றியது எனக்கு இன்றும் வியப்பே. வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்குப் பின்னே இருப்பது ஒரு சோதி மட்டுமே என்று அன்று ஒருவர் விளக்கியபோது, உருவமில்லா இறைவனைத் தொழுது வளர்ந்த எனக்கு அது அயலார் பேச்சாகப் படவில்லை. மறு மாதமே தைப்பூசம் வரைக்கும் காத்திராமல் வடலூருக்குப் பேருந்து ஏறினேன். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பெயரோ மதமோ கேட்காமல் என் முன்னே இலை போட்டார்கள்.

2014 அக்டோபர் 2 அன்று, அதே விழா சென்னையில் நடந்துகொண்டிருந்தபோதே அருட்செல்வர் காலமானார், வயது 91. வெளிநாட்டில் அலுவலகத்திலிருந்த எனக்கு வகுப்புத் தோழன் தொலைபேசியில் செய்தியைச் சொன்னான். "எங்கேடா?" என்று கேட்டேன். "விழாவிலேயேடா" என்றான்.