எத்தனை பேர் வருவினம்? – ஆவணிக் கல்யாண நாட்குறிப்பு

2025 ஜூலை 29, செவ்வாய்

காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. இனி 25 நாள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் போகாது. ஊரில் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். ஆடியில் கல்யாணமும் வைக்க மாட்டார்கள் என்பதால் எனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம். ஆவணி பிறந்தால் எல்லாம் ஒன்றாக வந்து விழும். வெளிநாட்டுக்காரரின் விடுமுறை, திருவிழா, நல்ல முகூர்த்தம் எல்லாம் ஒரே மாதத்துக்குள்.

என்னைப்போல் கல்யாணம், நிகழ்ச்சி ஒழுங்கமைப்பைத் தொழிலாக வைத்திருப்பவர் நல்லூரைப் பார்த்தால் பொறாமைப்படாமல் இருக்க முடியாது. அறிவிப்பாளர் இல்லை, பிரதம விருந்தினர் இல்லை, "இன்னும் சற்று நேரத்தில்" என்ற பேச்சே இல்லை. அர்ச்சனைக்கு இன்றைக்கும் ஒரு ரூபாதான். சொன்ன நேரத்துக்குச் சுவாமி வெளியில் வரும், சனமும் அதற்கு முன்னமே வந்து நிற்கும். அதே சனம்தான் நான் செய்கிற கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து வந்து, "தாலி கட்டியாச்சோ?" என்று வாசலில் கேட்கிறது.

இப்போது கையில் இருக்கிற கல்யாணம் ஓகஸ்ட் 28, வியாழன். வளர்பிறைப் பஞ்சமி. முகூர்த்தம் 10.35 முதல் 11.50 வரை. பெண் ரொறன்ரோ, மாப்பிள்ளை லண்டன். பூர்வீகம் ஒன்று கோண்டாவில், மற்றது சுண்டுக்குளி. மண்டபம் கொக்குவில் பக்கம்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

பெண்ணின் தமையன் ரொறன்ரோவில் இருந்து வீடியோவில் வந்தார். நல்ல பிள்ளை, எக்செல்லில் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார். அழைப்பிதழோடு ஒரு லிங்க் அனுப்பினாராம்: வருவீர்களா, எத்தனை பேர், என்ன சாப்பாடு. உள்ளூருக்கு மட்டும் 410 அழைப்பிதழ். பதில் போட்டவர்கள் 31 பேர். அதிலும் பாதி கனடாவில் இருந்து வருகிற சொந்தக்காரர்.

"அக்கா, மற்ற ஆக்கள் வரமாட்டினமோ?" என்று கேட்டார்.

வருவார்கள் தம்பி, பதில்தான் போடமாட்டார்கள். இங்கே வீட்டுக்கு வந்து தாம்பாளத்தில் வைத்து அழைப்பிதழ் கொடுத்தால் "கட்டாயம் வருவம்" என்பார்கள். அதற்கு "முடிந்தால் வருவோம்" என்று அர்த்தம். "பாப்பம்" என்றால் பெரும்பாலும் வரமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி தந்து அனுப்பிய வீட்டில் இருந்து நாலு பேர் வந்து நிற்பார்கள்.

போனில் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு பிள்ளையை உட்கார வைத்தோம். மூன்றாவது வீட்டிலேயே ஒரு பெரியவர் கோபித்துவிட்டார்: "நேரில வந்து சொன்னனீங்கள்தானே, பிறகென்ன போனில கேக்கிறது? வராட்டிலும் பரவாயில்லை எண்டோ?" அதோடு அந்த வேலையை நிறுத்தினேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

சமையற்காரர் ஐயாவோடு இருந்து கணக்குப் போட்டோம். அவருக்கு எக்செல் தேவையில்லை. அழைப்பிதழ்ப் பட்டியலை ஊர் ஊராகப் பிரித்து வாசிக்கச் சொன்னார். கோண்டாவில் என்றால் வீட்டுக்கு இரண்டு. சகோதரங்கள், மச்சாள்மார் வீடு என்றால் முழுக் குடும்பம். பருத்தித்துறைப் பக்கம் என்றால் வான் பிடித்து வருவார்கள், வான் நிறைய வருவார்கள். கந்தோர் (அலுவலக) நண்பர்கள் என்றால் ஒருவர்.

பிறகு அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி: "அண்டைக்கு வேற எத்தினை கலியாணம்?" நல்ல முகூர்த்த நாளில் ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று அழைப்பிதழ் வந்திருக்கும். ஓரிடத்தில் முகம் காட்டி, மற்ற இடத்தில் சாப்பிடுவார்கள். தெரிந்த மண்டபக்காரர் எல்லாரிடமும் விசாரித்தேன். 28க்குக் கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் மூன்று பக்கமும் கல்யாணம் இருக்கிறது. ஐயா தலையை ஆட்டினார்: "அப்ப அறுபதைக் குறை."

இன்னொன்றையும் நான் சேர்த்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூட நாள். பெண்ணின் பெரியம்மா ஓய்வுபெற்ற அதிபர், ஆசிரியர் கூட்டம் பெரிசு. பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. அவர்கள் தாலிகட்டுக்கு வரமாட்டார்கள், ஆனால் இரண்டு மணிக்கு வருவார்கள், பசியோடு வருவார்கள்.

தமையன் 700 பேருக்குச் சமைக்கச் சொல்கிறார். ஐயா 560 என்கிறார். 580க்குச் சமைப்பது, இன்னொரு கிடாரத்துக்கு அரிசியும் வெட்டிய மரக்கறியும் பச்சையாகவே வைத்திருப்பது, ஒரு மணிக்குப் பார்த்து அடுப்பில் ஏற்றுவது என்று முடிவு. எனக்கு 700 பிடிக்கவே இல்லை. மிஞ்சிய சோற்றை மாலையில் யாருக்குக் கொடுப்பது என்று அலைகிற வேலை கடைசியில் என் தலையில்தான்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

அனுமதி வேலைகள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கடிதம். மண்டபத்துக்குள்தான் என்றாலும், மேளம் வாசலில் நின்று வாசிக்கும், ஸ்பீக்கர் வெளியிலும் போகும். ட்ரோன் வைத்திருக்கிற தம்பியிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். "சும்மா ரெண்டு நிமிசம் ஏத்தி இறக்கிறதுதானே அக்கா" என்றார். பலாலியில் விமானம் ஏறி இறங்குகிற ஊரில் சும்மா இரண்டு நிமிஷம் கிடையாது. ட்ரோன் இல்லை என்று எழுதிவிட்டேன்.

பெண் வீட்டார் வரவேற்பு வாசலுக்குப் பிளாஸ்டிக் பூமாலை ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். அது 2023 ஒக்டோபரில் இருந்து தடை. மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம் போதும் என்றேன். தாய்க்குச் சந்தோஷம். மகளுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஓகஸ்ட் 18, திங்கள்

ஹர்த்தால். சில கடை திறப்பு, சில கடை பூட்டு. கதிரை உறை தைக்கிற இடம் பூட்டு.

ஓகஸ்ட் 21, வியாழன்

நல்லூர்த் தேர். இன்றைக்கு யாருக்கும் போன் எடுக்கக்கூடாது என்பது என் சட்டம். எடுத்தாலும் அரோகராச் சத்தம்தான் கேட்கும்.

ஓகஸ்ட் 25, திங்கள்

பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம், ஒன்பதே காலுக்குத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் பத்தர் (பொற்கொல்லர்) சின்ன உலையை வைத்து ஊத, தேங்காயெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் அந்தப் பவுண் சிவந்து, ஒரு சொட்டாகத் திரண்டு உருண்டது. அதுவரை சளசளத்த வீடு அந்த ஒரு நிமிடம் பேசவில்லை. புகைப்படக்காரர் மட்டும் பத்தரின் தோளில் ஏறாத குறை. பிறகு முற்றத்தில் கன்னிக்கால் நட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சண்டை. புகைப்படக்காரரின் பட்டியலில் 26ஆம் தேதி பின்னேரம் "கசூரினா, சோடிப் படம்" என்று இருக்கிறது. பொன்னுருக்கினால் தாலிகட்டு வரை பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக்கூடாது. மாப்பிள்ளையின் மாமி கையைக் காட்டியே சொல்லிவிட்டார்: "பொன்னுருக்கின பிறகு பொடியன் படலையைத் தாண்டக் கூடாது." பெண் வட்ஸ்அப்பில் அழுகிறாள், காரைநகர் போய்க் கடற்கரையில் படம் எடுப்பது அவளுடைய இரண்டு வருஷத் திட்டமாம்.

நான் யார் பக்கமும் பேசவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த நாள், 29 பின்னேரம், பட்டு கசங்கினாலும் பரவாயில்லை என்று கசூரினாவுக்கு நேரம் போட்டேன். புகைப்படக்காரர் ஒரு நாள் கூடுதல் காசு கேட்டார். அதைத் தமையன் தருவதாகச் சொன்னார். வழக்கத்தை உடைப்பதைவிட ஒரு நாள் வாடகை மலிவு.

ஓகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. மணவறைச் சோடனைக்காரர் பூசை முடித்துத்தான் வந்தார்கள். கொழும்பு இரவு பஸ்சில் வந்த ரோசாப்பூப் பெட்டியில் மேல் அடுக்கு வாடிவிட்டது. கீழே நல்லது. குத்துவிளக்கு, நிறைகுடம், அரசாணி, முளைப்பாலிகை எல்லாம் சரிபார்த்து முடிய இரவு பதினொன்று.

ஓகஸ்ட் 28, வியாழன்

காலை ஐந்துக்கு மண்டபம். இரண்டு வீட்டிலும் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தோய (குளிக்க) வார்த்து முடிய எட்டு. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிறவர் இருபது நிமிடம் பிந்தினார். அதற்கென்று நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். முகூர்த்தத்தில் இருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் பதுக்கி வைப்பதுதான் என் அட்டவணை. அதை யாருக்கும் காட்டுவதில்லை. காட்டினால் அந்த நேரத்தையும் செலவழித்துவிடுவார்கள்.

கூறைச் சேலை கொடுத்து, பெண் மாற்றி உடுத்தி வர 10.50. இந்த இடத்தில்தான் நான் எப்போதும் மணவறைக்கு வலப்பக்கம் ஒரு பொடியனை நிறுத்துவேன். மேளக்காரர் கெட்டிமேளத்தைக் குருக்களின் கையைப் பார்த்துத்தான் எடுப்பார். இடையில் மூன்று கமரா, இரண்டு போன், ஒரு சித்தப்பா. பொடியனின் வேலை அந்த ஒரு கோட்டை மறைக்காமல் வைத்திருப்பது மட்டும். 11.08க்குக் குருக்களின் விரல் உயர்ந்தது, தவில் விழுந்தது, அறுகரிசி (அட்சதை) பறந்தது.

அப்புறம் ஆசீர்வாதம். நானூறு பேர், ஆளுக்குப் பத்து விநாடி என்றாலே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எல்லாரையும் வரிசையில் விட்டால் பந்தி தொடங்கப் பின்னேரம் ஆகும். ஆகவே மூத்தவர்களை முதலில் விட்டு, அவர்கள் இறங்கியதும் நேராகச் சாப்பாட்டு மண்டபம். 160 பேர் ஒரு பந்தி. இலை போடுகிற தம்பிகளுக்கு ஒரே கட்டளை: ஐம்பது ஐம்பதாகக் கட்டின இலை, ஒரு கட்டு பிரித்தால் கயிற்றை என்னிடம் தர வேண்டும்.

ஒரு மணிக்கு என் கையில் எட்டுக் கயிறு, அதாவது நானூறு இலை. வாசலில் இன்னும் ஆள் வருகிறது. ஐயாவைப் பார்த்தேன், அவர் ஏற்கனவே அரிசியைக் கிடாரத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே கால். சேலைக் கூட்டம் ஒன்று, கைப்பைகளோடு. ஆசிரியைமார். சுடச்சுடச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பயத்தங்காய், வடை, பாயாசம். கடைசிக் கட்டில் நாலு இலைதான் போனது. மொத்தம் 604.

ஓகஸ்ட் 29, வெள்ளி

காலையில் பெண்ணின் தாய் வந்தார். பணம் முடித்தார். பிறகு வரவேற்பு மேசைக் கொப்பியைக் கேட்டார். அதில் நான் வந்தவர்களின் பெயரும் ஊரும் எழுதுவித்திருந்தேன், அன்பளிப்பு உறை இல்லாமல் வந்தவர்களையும் சேர்த்து. கண்ணாடியைப் போட்டு விரலால் கோடு இழுத்து வாசித்தார். "உரும்பிராய்ப் பெரியத்தான் வரேல்லையே பிள்ளை?" இல்லை அம்மா. "கட்டாயம் வாறன் எண்டவர்." அந்தப் பெயரைத் தனியாக ஒரு துண்டில் எழுதிக்கொண்டார். அவர் வீட்டில் தை மாதம் கல்யாணமாம்.

கொப்பியைப் படம் எடுத்துத் தமையனுக்கும் அனுப்பினேன். எக்செல்லில் ஏற்றுவதாகச் சொன்னார். மூன்று கதிரை உறை குறைகிறது, ஒரு குத்துவிளக்கின் திரிக்கிண்ணம் மாறி வந்திருக்கிறது. பின்னேரம் நாலரைக்கு கசூரினா, வானில் இடம் ஆறு பேருக்கு. பத்துப் பேர் வருவதாகச் சொல்கிறார்கள்.