வாஷர் 8

உச்சிப்புளியில் ராமேசுவரம் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. 'பட்டாளத்தார் செட்' என்றால் மண்டபம் வரைக்கும் தெரியும். 1996-இல் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்ட கையோடு அங்கே கையாளாகச் சேர்ந்தேன்.

செட்டுக்காரரான அந்தப் பட்டாளத்தாரை நான் ஐயா என்பேன். ஐயாவின் குடும்பம் பாம்பன் பக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் அவர்கள் வீட்டு வள்ளமும் போய்விட்டது. அப்பாவோடு கூலிக்குக் கடலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், கட்டுப்படியாகவில்லை. 18 வயதானதும் பட்டாளம். செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக். ராணுவத்தில் லாரி, துப்பாக்கி, கருவி எது பழுதானாலும் சரிசெய்யும் பிரிவு அது. 1971 பாகிஸ்தான் போரின்போது ராஜஸ்தான் எல்லையில், பார்மேர் பக்கம் இருந்தார். டீக்கடையில் யாராவது, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று ஆரம்பித்தால், "நமக்கு ஸ்பேனர் பிடிக்கிற வேலைப்பா" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எனக்கும் அதில் ஏமாற்றம்தான். சண்டைக் கதை கேட்கலாம் என்றுதானே பாதி ஆசையில் அங்கே சேர்ந்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை அவராகவே பேசினார். அரியமான் கடற்கரையில் மீன் ஏற்றவந்த வேன் மணலில் புதைந்துவிட்டது. பத்துப் பேர் தள்ளுகிறார்கள், டிரைவர் முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறார், சக்கரம் இன்னும் கீழேதான் போகிறது. ஐயா முதலில் எஞ்சினை அணைக்கச் சொன்னார். அப்புறம் நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினார். டிரைவர் பதறிவிட்டார். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரித்து, பனைமட்டையை அடுக்கி, இரண்டாம் கியரில் மெதுவாக எடுக்கச் சொன்னார். டயர் தட்டையானால் மணலில் பரந்து உட்காரும், புதையாது. வேன் ஏறி வந்துவிட்டது.

திரும்பும்போது சொன்னார்: "பார்மேர்ல சக்திமான் லாரி அச்சு வரைக்கும் இறங்கிடும்டா. அங்க பனைமட்டைக்கு எங்க போறது? கூடாரத் துணியைப் போட்டு ஏத்துவோம். முன்னாடி போன ஆளுக்குத் தண்ணி போய்ச் சேரணும்ல." டிசம்பர் 3 தொடங்கி 17 வரை மேற்கு எல்லையில் நடந்த போரைப் பற்றி அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

மணல் ஓடுகிற வண்டியைத் தின்னும், உப்பு நிற்கிற வண்டியைத் தின்னும் என்பார். மீன் வண்டிகளில் ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் சேஸிஸுக்குள் இறங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிப்போம். எங்கள் பக்கம் குடம் குடமாகக் காசு கொடுத்துத் தள்ளுவண்டியில் வாங்குகிற தண்ணீர் அது. வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஐயா காதில் வாங்கமாட்டார்.

எஞ்சினைப் பிரித்தால் சாக்கை விரித்து, கழற்றிய வரிசையிலேயே சாமான்களை வைக்கவேண்டும். எண்ணிக்கையை அவர் நோட்டில் எழுதுவார். போல்ட் இத்தனை, நட் இத்தனை, வாஷர் இத்தனை. இதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்றுதான் எனக்கு அப்போது பட்டது.

ஒரு நாள் வள்ளத்து டீசல் எஞ்சின் ஒன்றைக் கரையில் வைத்து மாட்டினோம். தாங்கியில் போல்ட்டை முடுக்கும் வேலை என்னுடையது. எல்லாம் முடிந்து பார்த்தால் ஸ்பிரிங் வாஷர் ஒன்று சாக்கில் கிடக்கிறது. மறுபடி கழற்றச் சோம்பல். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வாஷர் இல்லாத நட் டீசல் எஞ்சினின் உதறலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும், எஞ்சின் அசைந்தால் ஷாஃப்ட் கோணிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ராத்திரி ஒரு மணி இருக்கும், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் டார்ச்சும் நோட்டும். நோட்டில் வாஷர் 8. தூக்கம் வராமல் சாக்கை உதறிப் பார்த்திருக்கிறார், எதுவும் விழவில்லை. அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

"எத்தனைடா போட்ட?"

"ஏழு" என்றேன். சட்டை கொடியில் தொங்கியது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கரைக்கு மிதித்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளம் இன்னும் இறங்கவில்லை, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டார்ச்சை நான் பிடிக்க, அவரே குனிந்து கழற்றி மாட்டினார். வள்ளத்துக்காரர் என்ன ஏது என்று கேட்டதற்கு, "ஒரு நட்டு சந்தேகம், நான்தான் சரியாப் பாக்கல" என்றார்.

கரையிலேயே மணலில் உட்கார்ந்து, நோட்டில் பழைய 8-ஐ வெட்டாமல், பக்கத்தில் மணியைக் குறித்து மறுபடி 8 என்று எழுதினார். "ரோட்டுல நின்னா யாராவது தள்ளிவிடுவான். அங்க?" என்று கடலைக் காட்டினார். அதோடு சரி.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது எட்டணா குறைந்தது. கேட்டேன்.

"வாஷர் காசு" என்றார்.