சம்பந்தியம்மாவும் ஒரு கேப்பிபாராவும்

தங்கை கல்யாணக் கணக்கு முழுக்க சித்தப்பா பொறுப்பு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஃபைல் போட்டு வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கூகுள் டிரைவில் 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்தார். அதற்குள் 'பத்திரிகை', 'ஃபோட்டோ', அப்புறம் 'செலவு - நம்ம வீட்டுக்கு மட்டும்'. அப்படிப் பெயர் வைத்துவிட்டாலே பூட்டு போட்ட மாதிரிதான் என்று நம்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை மாதிரியைக் கேட்டார்கள். சித்தப்பா 'கல்யாணம்' ஃபோல்டரையே சம்பந்தியம்மாவுக்குப் பகிர்ந்தார், அதுவும் எடிட்டராக, அதாவது திருத்தும் உரிமையோடு. மேல் ஃபோல்டருக்குக் கொடுக்கிற அனுமதி தானாக உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இறங்கும். தலைவாசல் சாவியைக் கொடுத்துவிட்டு, பீரோ பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றால் நடக்குமா?

மறுநாள் செலவு ஷீட்டில், 'மாப்பிள்ளை வாட்ச் - பத்தாயிரத்துக்குள் முடிக்கவும்' என்ற வரியில் ஒரு கமெண்ட்: "அவனிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. அந்தக் காசுக்கு நல்ல காபியாகப் போடச் சொல்லுங்கள்."

சித்தப்பா பதறிப்போய் ஷீட்டை இழுத்து 'ஃபோட்டோ'வுக்குள் ஒளித்தார். யாரும் அங்கே கணக்கைத் தேட மாட்டார்களாம். அது சொந்தக்காரர்கள் படம் போடட்டும் என்று, லிங்க் வைத்திருக்கும் எல்லோருக்கும் எடிட்டராகத் திறந்துவிட்ட ஃபோல்டர். ஃபைல் எந்த ஃபோல்டருக்குள் போகிறதோ அதன் அனுமதியை எடுத்துக்கொள்ளும். நகர்த்தும்போதே டிரைவ் ஓர் எச்சரிக்கை காட்டியது. வாழ்நாளெல்லாம் "படித்துப் பார்த்துக் கையெழுத்து போடுங்க" என்று ஊருக்குச் சொன்னவர், படிக்காமல் ஓகே அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஷீட்டின் மேலே வரிசையாக வந்து நின்றன: அனானிமஸ் கேப்பிபாரா, அனானிமஸ் வாம்பாட், அனானிமஸ் ஆக்சலாட்டல். பெயர் சொல்லி அழைக்காமல் லிங்க் வழியே நுழைபவர்களுக்கு டிரைவ் வைக்கிற விலங்குப் பெயர்கள் இவை.

"என்னடா இது, வைரஸா?"

"இல்லை சித்தப்பா, நம்ம சொந்தக்காரங்கதான்."

கேப்பிபாரா வெகுநேரம் நகை வரியை விட்டு நகரவில்லை. அது பெரிய அத்தை என்பது என் ஊகம்.

'கல்யாணம்' ஃபோல்டருக்கு வெளியே தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு ஷீட்டை அங்கே மாற்றினேன். பழைய ஃபோல்டர்கள் வழியாக வந்த அனுமதியெல்லாம் உதிர்ந்தது. விலங்குகள் வெளியேறின, சம்பந்தியம்மாவும்தான். தனியாக ஃபைலுக்கே பகிர்ந்திருந்த அம்மாவும் அப்பாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

அப்போதுதான் அம்மா கவனித்தார், பந்திச் செலவின் கூட்டலில் இருந்த பிழையைச் சம்பந்தியம்மா சத்தமில்லாமல் திருத்தியிருந்ததை.

"அவங்களை மறுபடியும் சேருடா," என்றார். "சித்தப்பாவுக்குப் பார்க்க மட்டும் கொடு."