பேருந்தில் ஒலிக்கும் பழைய பாடல்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் தனியார் பேருந்துகளில், நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்துத் தருவதற்கு முன்பே 1980-களின் இளையராஜா பாடல் ஒன்று நம் காதில் விழுந்துவிடுகிறது. கடலூரின் மஞ்சக்குப்பம் பகுதித் தேநீர்க்கடைகளிலும் இதே நிலைதான். புதிய பாடல்களுக்குப் பஞ்சமில்லாத காலத்தில் இவை ஏன் இப்படி நிலைத்திருக்கின்றன?

ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நிகழ்ந்தவையே முதுமையில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டறிந்த செய்தி. அந்த வயதில் கேட்ட பாடல்களுக்கும் இது பொருந்தும். ஆனால் 2000-க்குப் பின் பிறந்த கல்லூரி மாணவர்களும் அந்தப் பல்லவியை வரி பிசகாமல் முணுமுணுப்பதை இந்த விளக்கம் தொடுவதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இளைஞர்களிடம் அவர்களுடைய பெற்றோர் இளமையில் கேட்ட பாடல்களின் மீதும் தனிப் பற்று இருப்பதைக் காட்டியது. வீட்டு வானொலியும் சமையலறையில் அம்மா பாடிய பாட்டும் செய்த வேலை அது என்றே நான் கருதுகிறேன்.

இசைக்கு மனிதர்களை ஈர்க்கும் ஆற்றல் உண்டு என்பதை வணிகர்களும் அறியாதவர்கள் அல்லர். மெதுவான இசை ஒலித்தால் வாடிக்கையாளர்கள் மெதுவாக நடந்து அதிகம் வாங்குகிறார்கள் என்று ஆய்வாளர் ரொனால்ட் மில்லிமன் 1982-இலேயே ஒரு பல்பொருள் அங்காடியில் கண்டறிந்தார். எனினும் தேநீர்க்கடைக்காரர் கணக்குப் பார்த்துப் பாடலைத் தேர்ந்தெடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே அது பிடித்திருக்கிறது. பேருந்து ஓட்டுநர்கள் மட்டும் ஒலியைச் சற்றுக் குறைத்தால், அருகில் இருப்பவரோடு அந்தப் பாடலைப் பற்றிப் பேசவும் முடியும்.