ஒரு ஸ்க்ரூப்பிள் எடை

மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.பார்மின் முதலாண்டில் பழைய ஆங்கிலேய மருந்து நிறுவைகளும் எங்களுக்குப் பாடமாக இருந்தன. 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ் என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தோம். ஒரு ஸ்க்ரூப்பிள் என்பது ஏறக்குறைய 1.3 கிராம், இன்று எந்த மருந்தகத்திலும் அதை யாரும் நிறுப்பதில்லை. கூரான சிறு கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதையும், செருப்புக்குள் புகுந்துகொண்ட அப்படியொரு கல்லைப் போல ஓயாமல் உறுத்தும் மனச்சான்றுக்கும் திருச்சபையின் அறநூல்கள் அதே பெயரைத்தான் வழங்குகின்றன என்பதையும் நான் அறிந்துகொண்டபோது எனக்கு 34 வயது. அதற்குள் அந்தக் கல்லோடு பல ஆண்டுகள் நடந்திருந்தேன்.

என் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகளுக்கான மருந்தகத்தில். காலையில் கவுன்ட்டர் திறக்கும்போதே டோக்கன் வரிசை வாசல்வரை நிற்கும். சீட்டை வாங்கி, மருந்தின் பெயர், வீரியம், எண்ணிக்கை, காலாவதித் தேதி எல்லாம் பார்த்து, அட்டைகளை எடுத்துக் கவரில் போட்டு, எப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மேலே எழுதி, சுருக்கொப்பம் இட்டு, பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுபோல ஒலிக்கும் பெயர்களும் ஒரே நிறத்து அட்டைகளும் ஏராளம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டுவிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே சரிபார்ப்பது எங்கள் தொழிலின் உயிர்நாடி. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. என் நோய் பல ஆண்டுகள் இந்தக் கடமையின் உடையில்தான் நடமாடியது. கவனமான பையன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மற்றவர்களுக்கு அது வேலையில் தவறு நேர்ந்துவிடுமோ என்ற பயமாகத் தெரிந்திருக்கும். எனக்கோ அது பாவத்தைப் பற்றிய பயம். கவனக்குறைவாக நான் கொடுத்த மருந்தால் ஒருவர் இறந்தால் ‘கொலை செய்யாதே’ என்ற ஐந்தாம் கட்டளையை மீறியவன் ஆவேன். அது சாவான பாவம், அதாவது ஆன்மாவை நரகத்துக்கு உரியதாக்கும் கொடிய பாவம். அந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கினால் அது தேவதுரோகம். ஆகவே வாங்கக் கூடாது. ஆனால் வாங்காமல் இருப்பதும் ஆண்டவரின் இரக்கத்தை நம்பாத பாவமாகுமே என்று, ஒரு மாத்திரை அட்டையில் தொடங்கிய எண்ணம் நரகத்தின் வாசலில் போய்த்தான் நிற்கும். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம் என்பதை மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருந்தேன். படித்தது உதவவில்லை. முழுச் சம்மதம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது தப்பித்துக்கொள்ளச் சொல்லும் சாக்கோ என்று அடுத்த நொடியே தோன்றும்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடித்துக் கடலூர்ப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். தவளக்குப்பம் தாண்டியதும், அன்று கொடுத்த மெதோட்ரெக்ஸேட் கவரில் ‘வாரம் ஒரு நாள் மட்டும்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேனா என்ற ஐயம் எழுந்தது. கிருமாம்பாக்கம் வருவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப் பேருந்தைப் பிடித்துத் திரும்பவும் மருந்தகத்துக்குப் போய், பதிவேட்டிலிருந்து அந்த நோயாளியின் எண்ணை எடுத்து அழைத்தேன். அவர் கவரை எடுத்துவரச் சொல்லிப் பொறுமையாகப் படித்துக் காட்டினார். எழுத்தும் இருந்தது, கோடும் இருந்தது. அந்த நிம்மதி அரியாங்குப்பம் பாலம் வரைதான் தாக்குப்பிடித்தது. அவர் என் கவரைத்தான் படித்தாரா, பழைய கவரையா என்ற கேள்வி அங்கே வந்து ஏறிக்கொண்டது.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை வாரத்தில் மூன்று முறை செய்யத் தொடங்கினேன். ஒரே குருவிடம் போனால் அடையாளம் கண்டுகொள்வாரே என்பதற்காக, ஒரு நாள் மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி பேராலயம், ஒரு நாள் ரயில் நிலையத்துக்கு அருகில் திருஇருதய ஆண்டவர் கோவில், ஒரு நாள் துய்மா வீதியின் கப்ஸ் கோவில் என்று மாறி மாறிப் போனேன். வெளியே வந்து அபராதமாகக் கொடுத்த செபத்தைச் சொல்லும்போதே, ஒன்றைச் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றும். கவுன்ட்டரில் டோக்கனுக்கும் டோக்கனுக்கும் இடையே, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப செபத்தை முணுமுணுப்பேன். ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கத்தோலிக்க மருந்தாளுநருக்கு உண்மையாகவே மனச்சான்றுக் கேள்விகள் வரும். கருத்தடை மாத்திரைகளைக் கையாள்வது அவற்றில் ஒன்று. அதை நான் ஆலோசனை கேட்டு, சிந்தித்து, ஒரு முடிவுக்கு வந்தேன். ஆனால் மாதவிலக்குக் கோளாறுக்குச் சிகிச்சையாக எழுதப்பட்ட ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்த நாளிலும் நான் தூங்கவில்லை. நோயைத் தீர்க்கத் தேவைப்படும் சிகிச்சையைத் திருச்சபை தடுக்கவில்லை என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் விடுத்த சுற்றுமடலிலேயே தெளிவாக இருக்கிறது. அதை எடுத்துப் பலமுறை படித்தும் தூக்கம் வரவில்லை. மனச்சான்றின் கேள்விக்கு விடை கிடைத்தால் அது அடங்கும். உறுத்தல் அப்படி அடங்குவதில்லை, விடையைத் தின்றுவிட்டு மறுபடியும் பசிக்கிறது என்கிறது.

2013 மழைக்காலத்தில் நான் பயந்தது நடந்தது. இரண்டு கவர்களைச் சரியாகக் கட்டி ஒப்பமிட்டு வைத்திருந்தேன். ஒன்று இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், மற்றது சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைட். கூப்பிடும் முன் ஐயம் வந்து இரண்டையும் பிரித்தேன், எண்ணினேன், திரும்பப் போட்டேன். போடும்போது மாற்றிப் போட்டுவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கு வந்த மூதாட்டி வாசல்வரை போனவர், கவருக்குள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “தம்பி, நான் தெனம் போடுற மாத்திரை வேற கலராச்சே” என்றார். சர்க்கரை இல்லாத அந்த உடம்பில் அந்த மாத்திரை என்ன செய்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தேன். மற்றவரின் கவரும் இன்னும் தட்டில்தான் இருந்தது. பிறகு என் கைகள் நடுங்கியதில் வேலை ஓடவில்லை.

எங்கள் பிரிவின் மூத்த மருந்தாளுநரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். நடந்ததை நானே அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் இரண்டு சீட்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “எடுக்குறப்ப நீ தப்பு பண்ணல தம்பி. திரும்பப் பிரிச்சப்பதான் பண்ணுன” என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி வைத்தார். நான் எடுக்க வேண்டும், இன்னொருவர் சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும், இருவரும் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்ட கவரை யாரும் பிரிக்கக் கூடாது. “கையெழுத்துன்னா அதோட முடிஞ்சதுன்னு அர்த்தம்” என்றார். சற்று நேரம் கழித்து, “ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன், டோக்கனுக்கு டோக்கன் வாய்க்குள்ள என்னமோ சொல்ற. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசு தம்பி” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் என் மதத்தவர் அல்லர். என் மதத்தவர் யாருக்கும் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது.

கடலூரில் ஓய்விலிருந்த ஒரு முதிய குருவிடம் போனேன். பாவப் பட்டியலை எழுதிக்கொண்டு போயிருந்தேன், நான்கு பக்கம். முதல் பக்கம் முடியும் முன்பே தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது இஞ்ஞாசியாரும் சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி சொல்லித் துன்புற்றார். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற சோதனைவரை போனது. இறைவன் தெளிவு தரும்வரை உண்பதில்லை என்று ஞாயிறு முதல் ஞாயிறு வரை பட்டினி கிடந்தார். ஆன்மகுரு கட்டளையிட்ட பிறகே சாப்பிட்டார். மிகத் தெளிவாகத் தெரிவதைத் தவிரப் பழைய பாவம் எதையும் இனிச் சொல்லாதே என்று அந்தக் குரு முன்பே சொல்லியிருந்தார். அதனால் பயன் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன. “அதனால உனக்கு அந்தத் ‘தவிர’வக்கூட நான் தரப்போறதில்ல” என்றார் சாமி. “பழசு எதையும் சொல்லாத. சந்தேகமா இருக்கிறதையும் சொல்லாத. வேற கோவிலுக்குப் போகாத. தப்புன்னா ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்.”

தற்செயலாகக் குறுக்கே கிடந்த இரு வைக்கோல் துரும்புகளை மிதித்துவிட்டுச் சிலுவையை மிதித்தேன் என்று ஒருவர் எண்ணுவதை இஞ்ஞாசியாரே தம் பயிற்சிக் குறிப்புகளில் எடுத்துக்காட்டாகத் தந்திருப்பதையும் அன்று சொன்னார். பிரெஞ்சுப் புனிதை குழந்தை தெரேசாளுக்கும் பன்னிரண்டு வயதில் இதே துன்பம் வந்து ஒன்றரை ஆண்டு நீடித்ததாம். நான் மட்டும்தான் இப்படி என்று அதுநாள்வரை நினைத்திருந்தேன். அழுதேன். அழுகை முடிந்ததும் அவர் சொன்னதுதான் எனக்கு எதிர்பாராதது: இதில் பாதி என் வேலை, மீதிப் பாதி மனநல மருத்துவருடையது, இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் தீரும்.

மருத்துவர் இதை எண்ணச் சுழற்சி நோய் என்றார். ஓசிடி என்ற பெயரில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கைகழுவுவதிலும் பூட்டை இழுத்துப் பார்ப்பதிலும் வரும் அதே நோய், பக்தியுள்ளவரிடம் பக்தியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இந்நோய்க்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும் என்பதும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்பதும் எனக்குத் தொழில்முறையில் தெரிந்தவையே. அந்த மாத்திரையை நாள்தோறும் எத்தனையோ பேருக்கு இயல்பாக எடுத்துக் கொடுத்தவன், என் சீட்டை எங்கள் கவுன்ட்டரில் நீட்ட வெட்கப்பட்டுக் கடலூரில் தெரியாத கடையில் வாங்கினேன். அந்த வெட்கத்துக்காக இன்று வருந்துகிறேன். நான் கவர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இதே வெட்கத்தோடு என் முன்னே கை நீட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மருந்தைவிடக் கடினமாக இருந்தது பயிற்சி. ஐயம் எழட்டும், ஆனால் அதைத் தீர்க்க எதுவும் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். மருத்துவருக்குக் கத்தோலிக்க ஒழுங்குகள் தெரியாது என்பதால், சாதாரணக் கத்தோலிக்கர் ஒருவரிடம் திருச்சபை எதிர்பார்ப்பது என்ன என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வாங்கிவரச் சொன்னார். சாமி எழுதிக் கொடுத்தார். மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு, தண்ணீரும் மருந்தும் அதை முறிப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்காதே. இரவில், அன்றைய நடத்தையை எண்ணிப் பார்க்கும் ஆத்தும சோதனை மூன்று நிமிடம், அதற்குமேல் இல்லை. இந்தத் தாளை வைத்துக்கொண்டு, பாவம் செய்யச் சொல்லாமல் பயத்தை மட்டும் எதிர்கொள்ளும்படி மருத்துவர் பயிற்சிகளை அமைத்தார். வேலையிடத்தில் எனக்குரிய பயிற்சி எளிமையாகத்தான் ஒலிக்கும்: ஒப்பமிட்ட கவரைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த டோக்கனை அழைக்க வேண்டும். முதல் வாரம் அந்தத் தட்டிலிருந்து பார்வையை எடுக்கவே முடியவில்லை. பயத்தை நூற்றுக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்ததில் 90 என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் மாதக் குறிப்பில் 40 இருக்கிறது.

இடையில் ஒரு வழுக்கல். ஐயம் வரும்போதெல்லாம் ‘ஆண்டவரே, உம் கையில் விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினேன். நல்ல செபம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் இருபது முறை சொன்னேன் என்று கேட்டதும் மருத்துவர், இதுவும் கவரைப் பிரித்துப் பார்ப்பதுதான் என்றார். சாமியும் அதையே சொன்னார்: காலையில் ஒருமுறை சொல், ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வீட்டில் இதைவிடச் சிரமம். இரவுதோறும் என் மனைவியிடம், இது பாவமா, இது பாவமில்லைதானே என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். இல்லை, இல்லை என்று அவரும் அன்போடு சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பதில்கள்தாம் நோய்க்குத் தீனி என்று மருத்துவர் விளக்கி, இனிப் பதில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது அவர் கண் கலங்கினார். துன்பப்படும் கணவனுக்கு ஓர் ‘இல்லை’யைக்கூடச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது சொன்னால் புரியாது. அவர் அதைச் செய்தார்.

2014 மார்ச்சில் கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் மருந்தகத்தில் அதைப் பொறுப்பேற்று எழுதக் கேட்டவன் நான்தான். நோயாளி, மருத்துவர், மருந்து, அளவு என்று ஒரு வரி எழுதினால் அந்த வரி முடிந்தது. அப்படி முடிகிற வேலையை என்னால் செய்ய முடிந்தது. இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். தவக்காலத்தில் உறுத்தல் சற்று வலுக்கும்; அப்போது மருத்துவரை ஒருமுறை கூடுதலாகப் பார்க்கிறேன். அக்கா பணி ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாவது ஒப்பத்தை இப்போது நான் இடுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு மெதோட்ரெக்ஸேட் கவர் என் கையெழுத்தோடு போயிற்று. தவளக்குப்பத்தில் ஐயம் ஏறியது. கிருமாம்பாக்கத்தில் இறங்கவில்லை. முள்ளோடை கடந்தது, ரெட்டிச்சாவடி கடந்தது, பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, “கோடு போட்டேனான்னு தெரியல” என்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்லாமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.