மூன்று வாரம் மவுத்பீஸ் மட்டும்

35 வயதில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாங்கினேன். வாங்கிய அன்று அதைக் கழுத்தில்கூட மாட்ட முடியவில்லை. மாஸ்டர் பெட்டியைத் திறந்து மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை), ரீட் (அதில் அதிரும் நாணல் பட்டை), லிகேச்சர் (ரீடை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) மூன்றை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். "தம்பி, மூணு வாரத்துக்கு இது போதும். மத்தது கட்டிலுக்கு அடியில கிடக்கட்டும்." மதுரையில் பல வருடம் பேண்டு வாத்தியத்தில் ஊதியவர். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் மாதிரி வாசிக்க வேண்டும் என்ற ஆசையோடு போனவனுக்கு முகம் தொங்கிப் போனது. இப்போது யாராவது ஆரம்பிக்கப் போகிறேன் என்றால் நானும் இதையேதான் சொல்கிறேன்.

முதல் நாள் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. காரணம் நான் வாங்கிய ரீட். பெட்டியில் 3 என்று போட்டிருந்தது. எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து வாங்கிவிட்டேன். அந்த எண் ரீட் எவ்வளவு விறைப்பானது என்பதைத்தான் சொல்கிறது. புதிதாக ஊதுகிற உதட்டுக்கு ஒன்றரை அல்லது 2 போதும். ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 2 போல இருக்காது என்பதால், கம்பெனியை மாற்றும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பதற்கு முன் சீவாளியை வாயில் வைத்து ஊற வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரீடுக்கும் அதே கதைதான், அதுவும் நாணல் வகைதானே. சீவாளியில் இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று மோதி அதிரும். இங்கே ஒரே பட்டை, மவுத்பீஸின் வாயை மூடி மூடித் திறக்கிறது. காய்ந்த ரீட் ஒழுங்காக அதிராது. நுனி அலை அலையாக நெளிந்தும் இருக்கும். ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்தால் படிந்துவிடும்.

பொருத்தும்போது லிகேச்சரை முதலில் மவுத்பீஸில் தளர்வாகப் போட்டுவிட்டு, பிறகு ரீடை அதற்குள் செருகுவது நல்லது. ரீடை வைத்துவிட்டு லிகேச்சரை மாட்டப் போய் இரண்டு நுனிகளை உடைத்தேன். மூன்றாவது சட்டைப் பொத்தானில் இடித்துப் போனது. தட்டையான பக்கம் மவுத்பீஸில் படிய வேண்டும். நேராகப் பார்த்தால் ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரியலாம், அவ்வளவுதான். ரீட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கீச்சென்று கத்தும். லிகேச்சரின் திருகை, ரீட் நகராத அளவுக்கு முடுக்கினால் போதும்.

உதடுதான் பெரிய பாடு. மேல் பற்கள் மவுத்பீஸின் மேல் நேராக உட்கார வேண்டும். கீழ் உதடு கீழ்ப் பற்களின் மேல் லேசாக மடிந்து, ரீடுக்கு மெத்தை போல இருக்க வேண்டும். வாயின் இரு ஓரங்களும் உள்நோக்கிக் கூடி, காற்று கசியாமல் சுற்றிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு உள்ளே விடுவது என்பதற்கு மாஸ்டர் ஒரு வழி காட்டினார். ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெல்லிய காகிதத்தை நுழைத்தால் ஓர் இடத்தில் நின்றுவிடும். கீழ் உதடு கிட்டத்தட்ட அங்கே வர வேண்டும். குறைவாக விட்டால் சத்தம் நெரிந்து வரும். அதிகம் விட்டால் காட்டுக் கத்தல்.

நான் செய்த தப்பு, கடித்தது. சத்தம் வரவில்லை என்றால் யாரும் கடிக்கத்தான் செய்வார்கள். கடித்தால் ரீட் மூடிக்கொள்ளும். காற்று போக வழியிருக்காது. மூன்றாம் நாள் கீழ் உதட்டின் உள்ளே பல் தடம் பதிந்து, ரசம் சாதம் சாப்பிட்டால்கூட எரிந்தது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "தாடையால பிடிக்காதே, காத்தால பிடி" என்றார். அன்றைக்கு அது புரியவில்லை.

புரிய வைத்தது கைபேசியில் இருந்த ட்யூனர் செயலி. சத்தத்தின் சுருதியை முள் வைத்துக் காட்டும். ஆல்ட்டோ மவுத்பீஸை மட்டும் ஊதினால் 880 ஹெர்ட்ஸை ஒட்டிய ஏ சுரம் வர வேண்டும் என்பது பல ஆசிரியர்கள் வைக்கும் அளவு. ஆல்ட்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனுக்கு அதைவிடக் கீழே, ஜி. எனக்கு முள் ஏ-வைத் தாண்டி மேலேயே நின்றது. அதுதான் கடியின் அளவு! தாடையைத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து காற்றைக் கூட்டினால் முள் இறங்கியது. ரொம்பத் தளர்த்தினால் ஏ-வுக்கும் கீழே விழுந்து சத்தம் தொளதொளத்தது. இரண்டுக்கும் நடுவே முள்ளை ஐந்து விநாடி அசையாமல் நிறுத்த எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் எதிர்வீட்டுப் பாட்டி, "வாத்து எதுவும் வளக்குறியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே மூச்சாக அரை மணி நேரம் ஊதாதீர்கள். தலை சுற்றும், உதடு களைத்ததும் மறுபடி கடி வந்துவிடும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். கன்னம் உப்புகிறதா என்று பார்க்க எதிரே ஒரு கண்ணாடி வையுங்கள். சத்தம் நிலைத்த பிறகு 'து து' என்று நாக்கு நுனியால் ரீடின் நுனியைத் தொட்டு விடுங்கள். அதற்கு முன் நாக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் சுத்தம். ரீடை மவுத்பீஸிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் பூஞ்சை பூத்திருக்கும். ஊதியதும் கழற்றித் துடைத்து உறையில் போடுங்கள். மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றி ஊதினால் எல்லாம் கொஞ்சம் கூடுதல் நாள் வரும். மவுத்பீஸை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம். கொதிநீர் கூடாது. என்னுடைய எபனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸ் ஒரு தடவை வெந்நீரில் குளித்ததில் கறுப்பு போய்ப் பாசி நிறமாகிவிட்டது. அதைத்தான் இன்றும் ஊதுகிறேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் மாஸ்டர் கழுத்துக் குழாயை மாட்டச் சொன்னார். ஆல்ட்டோவில் மவுத்பீஸும் கழுத்தும் சேர்ந்தால் ஏ-ஃப்ளாட், அதாவது முந்தைய ஏ-வுக்கு ஒரு ஸ்தாயியும் அரைச் சுரமும் கீழே, சுமார் 415 ஹெர்ட்ஸ் வர வேண்டும். முள் அதற்குப் பக்கத்திலேயே நின்றது. மாஸ்டர் ட்யூனரைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், "சரி, பெட்டியை எடுத்துட்டு வா" என்றார்.